அரண்மனை அண்ணையின் வரவேற்பு ஒழுங்கு

மனிதரின் உயிரை எடுப்பதில் அரண்மனை அண்ணையோடு போட்டிபோட மொன்ட்ரியால் பனிக்குக்கூட வக்கில்லை.

வளைகுடா மன்னர் ஒருவரின் அரண்மனைக் காரியாலயத்தில் பதினொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். விருந்தாளி வந்தால் யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது என்று தட்டச்சு செய்வதுதான் வேலை. மன்னரை ஒருநாளும் கண்டதில்லை.

2000களின் தொடக்கத்தில் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அண்ணை பகலில் லொங்குய் நகரத்து உணவகமொன்றில் கோப்பை கழுவினார், வீட்டுக்கு வந்தால் எங்களை நிர்வகித்தார். கனடாவுக்கு வந்த தேதிப்படி யார் முதலில் குளிப்பது என்று குளியலறைக் கதவில் பட்டியல் ஒட்டினார். நான் கடைசி. ஹீட்டர் திருத்த வந்த கியூபெக்காரனை வாசலில் வரிசையாக நின்று வரவேற்க வைத்தார். நாலு பேர் ஒரேயடியாக "போன்ஜூர்" சொல்லக் கேட்டு, அவன் வீடு மாறி வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போய்விட்டான். மூன்று நாள் விறைத்தோம்.

அதுகூடப் போகட்டும். கல்யாணம் கட்டி இருபதாம் நாள் நான் ஊரில் விட்டுவிட்டு வந்த என் மனைவி, ஆறு வருடம் கழித்து வருகிறாள். என்னை அடையாளம் காண்பாளோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணையோ இரண்டு பக்கத்துக்கு வரவேற்பு ஒழுங்கு எழுதிவிட்டார்.

"தம்பி, நீர் முன்னுக்கு நிக்கப்படாது. முதல் உத்தியோகத்தர்மார். வீட்டுக்காரர் கடைசி."

"அண்ணை, அவ என்ரை மனிசி."

"அதாலைதான் சொல்லுறன். அவ கதைக்கும்வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. தலையைக் குனிஞ்சு நிக்கவேணும்."

ஏன் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. விமான நிலையத்தில் கறுப்புக் கோட் போட்டு அண்ணையும் மற்ற இருவரும் தலை குனிந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தூணோடு ஒட்டிக்கொண்டு நான். அவள் வெளியே வந்தாள். நான் அனுப்பிய படங்களில் பார்த்திருந்ததால் அவளுக்கு அவர்களைத் தெரிந்துவிட்டது. என்னைக் காணவில்லை.

"இவர் எங்கை?"

அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தை விரித்தார். "அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் அறிவிக்கவேணும்."

அவ்வளவுதான். "ஐயோ, இவருக்கு என்ன நடந்தது?" என்றபடி அவள் நிலத்தில் குந்திவிட்டாள்.

நான் பாய்ந்து போனேன். என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். "உயிரோடை இருக்கிறீங்களோ?" என்று கேட்டு நெஞ்சில் இரண்டு அடி போட்டாள். பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அண்ணையைக் கிழி கிழியென்று கிழிக்க நிமிர்ந்தேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டு, மற்ற இருவரையும் தோளில் பிடித்துத் திருப்பி, எங்களுக்கு முதுகு காட்டி நிற்க வைத்துக்கொண்டிருந்தார்.

"அங்காலை பாருங்கோடா."

தன் மனைவியின் விசாவுக்காக எட்டு வருடமாகக் காத்திருந்த மனிதர், தானும் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அதற்குப் பிறகு அவரை எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வெளியே போகும்போது அவரை எல்லாருக்கும் முன்னால் நடக்க விட்டேன்.