தோன் ஃபெர்மீனின் சிவப்பு வாளி

மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்றதற்குப் பிறகு, நடைக்காக இவ்வுலகில் எடுக்கப்பட்ட மாபெரும் முயற்சி, மெக்சிகோ நகரத்து நரஞ்சோஸ் தெருவில் தோன் ஃபெர்மீன் தலைமையில் தொடங்கிய ‘வலுவான, நடக்க வசதியான, கட்டுபடியாகும் நரஞ்சோஸ்’ குழுதான். உறுப்பினர்கள் பக்கத்துத் தெருவில் நடக்கும் கூட்டத்துக்குத் தத்தம் காரில் வருவார்கள். நடந்து வருபவர் தலைவர் ஒருவரே. அதுவும் கொள்கையால் அல்ல. அவருடைய காரை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

கார் போனாலும் கார் நிற்கும் இடம் போகவில்லை. வாசலுக்கு நேரே, சிமெண்ட் நிரப்பிய சிவப்பு வாளி ஒன்று அதைக் காத்து நின்றது. தண்ணீர் லாரி வருமுன்பே குடத்தை வைத்து இடம் பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நரஞ்சோஸ்வாசிகள் சிக்னலை மதிக்க மாட்டார்கள், போலீஸை மதிக்க மாட்டார்கள். அடுத்தவர் வாளியை மட்டும் தொடமாட்டார்கள்.

வாளியை ஒட்டிய நடைபாதையில் தெஞ்சாவின் அடுப்பு. சோள ரொட்டிக்குள் பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்துக் கல்லில் வாட்டிக் கொடுப்பாள். தெருவே அங்கே நின்று சாப்பிட்டுவிட்டு, ஊர்வம்பு பேசிவிட்டுத்தான் வேலைக்குப் போகும். மனைவி இறந்த பிறகு தோன் ஃபெர்மீனை “சாப்பிட்டீங்களா?” என்று கேட்க உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் தெஞ்சாதான். அது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் நகராட்சியிலிருந்து இன்ஜினியரம்மா கூட்டத்துக்கு வந்தாள். நடைபாதையை அழகுபடுத்தப் பணம் ஒதுக்கியாகிவிட்டதாம்.

“அந்த ரொட்டி அடுப்பு இருக்கற இடத்துல நடைபாதை ரொம்பக் குறுகல். ஒரு கார் நிக்கற இடத்தை எடுத்து அகலப்படுத்திடலாம். அடுப்பும் இருக்கும், ஆளும் நடக்கலாம். இல்லேன்னா அடுப்பைத் தூக்கணும்.”

“எந்தக் கார் இடம்?” என்று கேட்டாள் செயலாளர் நியேவெஸ்.

“அதான், சிவப்பா ஒரு வாளி இருக்கே. அங்க கார் எதையும் நான் பாக்கலையே?”

“கார் இல்லதான். வாளி இருக்குல்ல?”

“வாளியை நகத்திடலாமே!”

நியேவெஸ் பரிவோடு கேட்டாள்: “நீங்க வெளியூரா, கண்ணு?”

தோன் ஃபெர்மீன் எழுந்தார். “நாளைக்கே நான் ஒரு கார் வாங்கினா?”

“வாங்கப் போறீங்களா, தோன் ஃபெர்மீன்?”

“இல்லை. கண்ணு சரியில்ல, ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பிரச்சினை அது இல்லம்மா. இன்னிக்கு என் வாளி. நாளைக்கு யார் வாளி?”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ‘நடப்போர் நலன் கருதி, நடப்போர் அனைவரும் நடந்து சென்று சேரும் அடுப்பை அகற்றுவது’ என்று ஒருமனதாக முடிவாயிற்று. முதலில் கையைத் தூக்கியவர் தலைவர்.

மறுநாள் காலை அவரே போய்ச் சொன்னார்.

“கொஞ்ச நாளைக்குத்தான், தெஞ்சா.”

“எனக்காக அந்த வாளியை நகத்தமாட்டீங்களா, தோன் ஃபெர்மீன்?”

“வாளி என்னோடதா இருந்தா நகத்தமாட்டேனா? அது இப்போ கொள்கை ஆயிடுச்சு.”

தெஞ்சா அன்றைக்கு அவர் ரொட்டியில் பூவை அள்ளி வைத்தாள். அவர்தான் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அடுப்பு போனதும் தெரு ஜொலித்தது. புதுக்கல் பாவினார்கள், இரும்பு பெஞ்சு போட்டார்கள், ‘நடந்து மகிழ்வீர்’ என்று பலகை வைத்தார்கள். பலகையைப் பார்த்த வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். வாடகைக்குக் குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள், நடந்துகொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். மிஞ்சியவர்கள் காலைச் சாப்பாட்டுக்குக் காரில் ஏறிப் பெரிய கடை வளாகத்துக்குப் போனார்கள், வாசலில் மறக்காமல் வாளியை வைத்துவிட்டு. பெஞ்சில் தோன் ஃபெர்மீன் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு காலையில் அவரால் பொறுக்க முடியவில்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், மெட்ரோ வாசலில் தெஞ்சா அடுப்பு போட்டிருக்கிறாள் என்று கேள்வி. கிளம்பிவிட்டார். வழியெல்லாம் நடைபாதைமேல் கார், கார் இல்லாத இடத்தில் வாளி. தலைவர் ஒரு வாளியையும் தொடவில்லை. ஒவ்வொரு முறையும் தெருவில் இறங்கி, ஹாரனுக்கு நடுங்கி, மறுபடி ஏறினார். மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது. போய்ச் சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது.

தெஞ்சா நிமிர்ந்து பார்த்தாள். “சாப்பிட்டீங்களா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கண் கலங்கியதற்குப் புகைமேல் பழி போட்டுக்கொண்டார்.

“பஸ்லயா வந்தீங்க?”

“இல்லம்மா. நடந்து.”

“அந்த மேம்பாலம் ஏறியா? அவ்வளவு தூரமா?”

“ஆமா.”

தெஞ்சா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

“பரவாயில்லையே! உங்க குழு ஒருத்தரையாவது நடக்க வெச்சிடுச்சு.”