ஹர்லிங் அணிக்கு நான் போட்ட புள்ளிகள்

எண்ணத் தெரிந்தவனிடம் நியாயத்தை ஒப்படைக்கக் கூடாது. எழுபத்திரண்டு வயதில் இதைச் சொல்கிறேன். எழுபது வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பதினான்கு பிள்ளைகளும், அவர்களின் பெற்றோரும், ஒரு அயர்லாந்துக்காரரும் ஒரு சனிக்கிழமையை நிம்மதியாகக் கழித்திருப்பார்கள்.

நான் எல்லாவற்றையும் எண்ணுவேன். எஸ்-பான் ரயிலில் எத்தனை பெட்டி, மாடிக்கு எத்தனை படி, மனைவி தோசைக்கு விடுவது எத்தனை கரண்டி எண்ணெய். (கடைசியை எண்ணும்போது வாய் திறக்கக் கூடாது என்பதையும் அனுபவத்தில் அறிந்திருக்கிறேன்.) பிராங்பேர்ட் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் பயணப்பெட்டி ஏற்றி இறக்கியதில் வியாதி முற்றிவிட்டது.

என் மகள் சுபாவின் மகள் நிலாவுக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் பரதம், வயலின் என்று போக, இவள் வகுப்புத் தோழியோடு போய் ஹர்லிங் என்ற அயர்லாந்து விளையாட்டில் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. கையில் அகப்பை போல நுனி பரந்த தடி. முகத்தில் கம்பி வலை. பந்தைத் தரையிலும் அடிக்கலாம், ஆகாயத்திலும் அடிக்கலாம், கையாலும் பிடிக்கலாம், கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுவது போலத் தடியில் வைத்துக்கொண்டும் ஓடலாம். இரண்டு உயரமான கம்பங்களுக்கு நடுவே ஒரு குறுக்குக் கம்பி. கம்பிக்குக் கீழே போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று. ஒரு விளையாட்டுக்குள் இவ்வளவு கணக்கா? அடுத்த சனிக்கிழமை மடிக்கதிரையோடு போய் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து மடிக்கதிரை மரியதாசினுடையது. மன்னார்க்காரர், என்னைவிட ஏழு வயது இளையவர். பேரன் கெவினைக் கூட்டிவருவார். தேத்தண்ணியும் கொண்டுவருவார், நக்கலும் கொண்டுவருவார்.

வில்லங்கம் மூனிச்சில் நடக்கவிருந்த சிறுவர் போட்டியோடு வந்தது. ஒன்பது பேர் அணி. விடுதியில் எங்களுக்குப் பத்துக் கட்டில்: ஒன்பது பிள்ளை, ஒரு பயிற்றுநர். பிள்ளைகளோ பதினான்கு. பயிற்றுநர் டெக்லன் என்ற நெட்டை அயர்லாந்துக்காரர். ஒன்பது பேரைத் தன் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்யப்போவதாகச் சொன்னார். அவருடைய மகன் ஃபின்னும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எந்தப் போட்டி என்றாலும் ஃபின் அணியில் இருப்பான். பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஒரு தாய் சத்தமாகவே கேட்டாள்.

நான் எழுந்து நின்றேன். (ஏன் எழுந்தீர்கள் என்று மனைவி இன்றும் கேட்கிறாள்.)

எங்கள் காலத்தில் ஊரில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் என்ற ஒன்று வந்தது. நாம் எடுத்த புள்ளி ஒன்று. மொழி, மாவட்டம் என்று கூட்டிக் குறைத்தபின் வருகிற புள்ளி வேறு. பொறியியலுக்கு எனக்கு நான்கு புள்ளி போதாமல் போனது. அந்த நான்கு புள்ளியை ஐம்பது வருடமாகக் கல்யாண வீடு, செத்த வீடு எங்கும் எடுத்துக் காட்டி வருகிறேன். அப்படிப்பட்ட நான் ஒருவர் கண்ணால் தெரிவு செய்வதைப் பார்த்துக்கொண்டு இருப்பேனா?

"ஒரு பயிற்சி ஆட்டம் வைப்போம். ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி போடுவோம். கூடப் புள்ளி எடுத்த ஒன்பது பேர் போகட்டும். என் பேத்தியானாலும் சரி, உங்கள் மகனானாலும் சரி" என்று எனக்குத் தெரிந்த டொச் மொழியில் முழங்கினேன். கைதட்டினார்கள். டெக்லன் என்னை ஒரு விசித்திரப் பிராணியைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது" என்றார்.

அன்றிரவு நிலா தொலைபேசியில் வந்தாள். "அம்மப்பா, நான் கட்டாயம் போகவேணும். நான் ஒரு இடமும் தனியப் போய்ப் படுக்கேல்லை. வடிவா எண்ணுங்கோ, என்ன?"

"நான் ஆருக்கும் பக்கம் சாயமாட்டன் பிள்ளை."

"சாயவேண்டாம். எண்ணினாலே காணும்."

ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எதற்கு எத்தனை புள்ளி என்று விளக்கினேன். பந்தைத் தரையிலிருந்து தூக்கினால் ஒன்று. அடித்தால் இரண்டு. காற்றில் பிடித்தால் மூன்று. கோல் போட்டால் ஐந்து. ஒளிவுமறைவு இருக்கக் கூடாது அல்லவா? மைதானத்தின் நான்கு பக்கமும் பெற்றோரை எண்ணுவதற்கு நிறுத்தினேன். ஒவ்வொருவருக்கும் மூன்று பிள்ளை. மிச்சம் இரண்டு எனக்கு.

விசில் அடித்தது. நான் பார்த்தது ஹர்லிங் இல்லை.

ஒருவரும் ஒருவருக்கும் பந்து கொடுக்கவில்லை. கொடுப்பதற்குப் புள்ளி போட நான் மறந்துவிட்டேன். இரண்டு கோல்காப்பாளர்களும் தங்கள் இடத்தில் புள்ளி விளையாது என்று கண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். அதில் ஒருவன் ஃபின். கயிறு அவிழ்த்த கன்றுக்குட்டி போல, சிரிப்பு முகம் கொள்ளாமல் ஓடினான். பதினான்கு பிள்ளைகளும் ஒரே பந்துக்குப் பின்னால் தேனீக் கூட்டம் போலத் திரிந்தார்கள். கெவின் மட்டும் கூட்டத்தில் இல்லை. அவன் எங்கிருந்தோ இன்னொரு பந்தை எடுத்துக்கொண்டு மூலையில் நின்றான். தூக்கினான், போட்டான். தூக்கினான், போட்டான்.

"உவன் என்ன செய்யிறான்?" என்று கேட்டேன்.

"புள்ளி எடுக்கிறான் அண்ணை" என்றார் மரியதாஸ், தேத்தண்ணியை ஊற்றியபடி. "நீங்கள் தானே சொன்னனீங்கள், தூக்கினா ஒண்டெண்டு. எங்கட பெடியனுக்குக் கணக்கு ஓடும்."

கெவின் நாற்பத்தாறு தரம் தூக்கினான். ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமுமாக முப்பத்தொரு கோல் விழுந்திருந்தது. டெக்லன் புல்லில் உட்கார்ந்து தலையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனால், மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூட்டிப் பார்த்தபோது எனக்கே பொறுக்கவில்லை. நெட்டைப் பிள்ளைகள் எல்லோரும் மேலே, குட்டைகள் எல்லோரும் கீழே. இது என்ன நியாயம்? குட்டையானவர்களின் புள்ளியைக் கொஞ்சம் பெருக்கினேன். ஆறு மாதம் பிந்திச் சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கூட்டினேன். கண்ணாடி போட்ட பிள்ளைக்கும் ஏதாவது செய்யத்தானே வேண்டும்? மரியதாஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணை."

"சும்மா இருங்கோ, கணக்குப் பிழைச்சுப் போகும்."

"இல்லை அண்ணை, ஒண்டு கேக்கிறன். எடுத்த புள்ளி ஒண்டு, நீங்கள் குடுக்கிற புள்ளி ஒண்டு. உதுக்கு எங்கட ஊரில ஒரு பேர் இருந்ததெல்லோ?"

எனக்குக் காது சூடானது. ஐம்பது வருடம் திட்டிய ஒன்றை அரை மணித்தியாலத்தில், அதுவும் ஒருவரும் கேட்காமல், நானே செய்து முடித்திருந்தேன். அதற்குள் பெற்றோர் சுற்றி நின்றுவிட்டார்கள். பின்வாங்க ஏலாது. பெயர்களை வாசித்தேன்.

எட்டாவது கெவின். ஒன்பதாவது, கூட்டத்தில் மிகக் குட்டையானவன் என்ற காரணத்தால் பதினோராம் இடத்திலிருந்து ஏறி வந்தவன், பயிற்றுநரின் மகன் ஃபின். பத்தாவது நிலா. வயதுக்கு மிஞ்சி வளர்ந்த பிள்ளை. ஏழாம் இடத்தில் இருந்தவளை என் திருத்தங்கள் மூன்று படி இறக்கியிருந்தன. ஃபின்னோடு வித்தியாசம் ஒரு புள்ளி கூட இல்லை, தசமத்தில்தான்.

எந்தத் தாய் ஃபின்னைப் பற்றிச் சத்தம் போட்டாளோ, அவள் என்னை முறைத்தாள். சுபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் மகள் கோபித்தால் அவள் வீட்டுச் சாப்பாட்டில் மூன்று நாளைக்கு உப்பு இருக்காது.

நிலா முகக்கவசத்தைக் கழற்றினாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மப்பா, நான் வீடர்ஸ்புருக் போடுறன்."

டொச் அலுவலகம் ஒன்று நமக்கு எதிராக முடிவெடுத்தால் நாம் போடும் ஆட்சேபனை அது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட காலத்தில் நான் இரண்டு தரம் போட்டிருக்கிறேன். அந்தக் கதையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். அலுவலகமாக மாறி மேசைக்கு மற்றப் பக்கத்தில் உட்காருவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"காரணம் சொல்லவேணும்" என்றேன்.

"இண்டைக்கு ஒருத்தரும் விளையாடேல்லை. விளையாடாததை எண்ணினால் அது செல்லாது. நான் மட்டும் இல்லை, எல்லாரும் திரும்ப."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்றேன். பிறகு டெக்லனிடம், வழக்கம்போல உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒரு கேள்வி குடைந்தது. கேட்டுவிட்டேன்: "ஏன் எப்போதும் உங்கள் மகன்?"

"கோலில் நிற்க வேறு யார் வருகிறார்கள்?" என்றார் அவர். "பந்து கல்லுப் போல வரும். எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை, எந்தப் பெற்றோரும் விடுவதில்லை. என் பிள்ளையைத்தான் நான் கட்டாயப்படுத்த முடியும். இரண்டு வருடமாக முன்னால் விட அவன் கெஞ்சுகிறான்."

இரண்டு வருடமாக நாங்கள் சலுகை என்று எண்ணியது அந்தப் பையனுக்குத் தண்டனை.

நிலா இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "நான் கோலில நிக்கிறன்" என்றாள். சுபா "ஐயோ, பல்லு!" என்று கத்தினாள். ஃபின் அதற்கிடையில் தன் தடியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடி முடித்துவிட்டான்.

அப்படித்தான் நிலா மூனிச் போனாள். நாங்கள் காரில் பின்னால் போய்ப் பார்த்தோம். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. ஃபின் நான்கு கோல் போட்டான். நிலா பல்லோடு திரும்பினாள். முழங்கை இரண்டும் நீலம். கடைசி ஆட்டம் முடிந்து கவசத்தைக் கழற்றியபடி நேரே என்னிடம்தான் வந்தாள்.

"எத்தனை கோல் விட்டனான் அம்மப்பா?"

பதினெட்டு. முதல் ஆட்டத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் ஆறு. நாக்கு நுனியில் இருந்தது.

"நான் எண்ணேல்லை பிள்ளை" என்றேன்.

நிலாதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புல்லில் குந்திவிட்டாள். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். சுபாவின் புருஷன் காரைத் திறக்க முடியாமல் அதன்மேல் சாய்ந்து நின்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயர் அதுதான். காரை வேகமாக ஓட்டி அபராதக் கடிதம் வந்தால் மருமகன் அதை மடித்துக்கொண்டே "எண்ணேல்லை" என்பார். புது உடுப்பின் விலையைக் கேட்டால் சுபா "எண்ணேல்லை அப்பா" என்பாள். போன மாதம் டாக்டர் என் சீனி அளவைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு எத்தனை லட்டு சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மருத்துவச் சொற்களை மொழிபெயர்க்க வந்திருந்த நிலா எனக்காக டொச்சில் "எண்ணவில்லை" என்று பதில் சொல்லிவிட்டு, டாக்டருக்குத் தெரியாமல் மேசைக்குக் கீழே ஆறு விரலைக் காட்டினாள்.

பிழை. ஏழு.