தோளை இளக்குங்க, அண்ணாச்சி

மூன்றாவது ஞாயிறும் பூசை முடிந்து வெளியே வந்தால், கோயில் சுவரோரம் மனுவேலின் சைக்கிள் இரண்டு சக்கரமும் சப்பிப்போய் நின்றது. காற்றைப் பிடித்து வைக்கிற வால்டியூபை, அந்தச் சுண்டுவிரல் நீள ரப்பர்த் துண்டை, எவனோ உருவிக்கொண்டு போயிருந்தான். கோயிலுக்கு வந்த மனுஷனுக்குச் செய்கிற காரியமா இது?

"துறைமுகத்துல ஆயிரக்கணக்குல உப்பு மூட்டை எண்ணுதீய, ஒரு சைக்கிளப் பாத்துக்கிடத் துப்பில்ல" என்றாள் மனைவி ஹில்டா, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "இன்னும் ஒருவாட்டி இப்படி நடந்துச்சு, மாதா திருவிழாவுக்கு எங்கண்ணன் ஸ்கூட்டர்ல போய்க்கிடுவேன்."

பதினாறு வருஷமாகத் தன் கேரியரில் உட்கார்ந்து திருவிழாவுக்குப் போனவள், இனி அந்த ரோச்சின் ஸ்கூட்டரிலா? அவன் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்து வருகிறவன். மனுவேல் முஷ்டியை முறுக்கினார்.

"வால்டியூப உருவுன பய மட்டும் கையில கிடைக்கட்டும். ஒரே குத்து."

"நீங்க அடிச்சா கொசுவே சாகாது" என்றாள் ஹில்டா.

சைக்கிள் கடை அய்யாக்குட்டி காற்றடிக்கும்போது சுவரில் ஒரு நோட்டீஸ் தென்பட்டது. கராத்தே வகுப்பு, உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி, மாலை ஐந்து மணி. தூத்துக்குடிக்கே அந்தச் சொல் புதிதாயிருந்த எழுபத்தெட்டாம் வருஷம் அது. மறுநாளே மனுவேல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாஸ்டர் தனராஜ் நாசரேத்துக்காரர், சிங்கப்பூரில் கற்று வந்தவர். மனுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு மணல் மூட்டையைக் குத்தினார். மூட்டை அசையவில்லை, மணிக்கட்டுதான் வீங்கியது.

"கோவத்துல கை இறுகிக் கிடக்கு. அதான் குத்துல வேகமில்ல" என்றார் மாஸ்டர். "தோளை இளக்குங்க, அண்ணாச்சி. மூட்டையில படுத நேரத்துல மட்டும் இறுக்குனாப் போதும்." கால்சட்டைப் பையிலிருந்து ஒரு வால்டியூபை எடுத்து ஆட்டிக் காட்டினார். "இந்தா, இப்படித் தொளதொளன்னு வரணும் கை."

உதாரணம் காட்ட உலகத்தில் வேறு சாமானே இல்லையா? மனுவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் கைகளைத் தொங்கவிட்டு, வாயையும் இளக்கிக்கொண்டு பழகினார். வாதம் வந்துவிட்டதென்று ஹில்டா அலறி ஓடி அண்ணனைக் கூட்டிவந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, இளக்கிக்கிட்டு இருக்கேன்."

"வாய் குழறுது மாப்ள, பேசாதீய" என்று ரோச் அவரைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்து, ஹாரன் அடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தெருவே வேடிக்கை பார்த்தது.

துறைமுகத்தில் இளகிய கையிலிருந்து மூட்டைக் கணக்கு நோட்டு கடலில் விழுந்தது. கையை இளக்கியதால் நேர்ந்தது என்று உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தார். குடித்திருந்தீரா என்று மெமோ வந்தது. நியாயம் என்று ஒன்று இந்த ஊரில் இருக்கிறதா?

சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டார். "சாமி, நாளைக்கு ஒருத்தனக் குத்தப் போறேன். இப்பமே மன்னிச்சிருங்க."

"செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு கிடையாது. செஞ்சிட்டு வாரும்" என்றார் சாமியார்.

மறுநாள் பூசைக்கு உள்ளே போகாமல், சைக்கிளுக்கு எதிரே ஒரு மரத்தின் பின்னால் பதுங்கி நின்றார். சொல்லிக் கொடுத்தபடி கழுத்தை இளக்கினார், தோளை இளக்கினார், இடுப்பை இளக்கினார். எல்லாம் இளகியதில் அப்படியே தூங்கிப்போனார். பூசை முடிந்த மணிச் சத்தத்தில் கண் விழித்தால், இரண்டு சக்கரமும் சப்பை. ஹில்டா அண்ணனின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கிட்டங்கிக்குப் போனபோது கோபப்படக்கூட அவரிடம் தெம்பில்லை. துவண்ட கையை மூட்டை மேல் வீசினார். தையல் பிரிந்து மணல் கொட்டியது.

"இதுதான் குத்து" என்றார் மாஸ்டர்.

"என்ன பிரயோசனம் மாஸ்டர்? களவாணிப் பய தப்பிச்சிட்டான். நாளைக்கழிச்சுத் திருவிழா. அவ என் சைக்கிள்ல ஏற மாட்டேங்கா."

மாஸ்டரின் முகம் இளகியது. கால்சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு வால்டியூபை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "மாட்டிக்கிட்டு மைனியக் கூட்டிட்டுப் போங்க. இனிமே ஒரு குறையும் வராது. ஆனா வகுப்ப மட்டும் விட்டுராதீய."

மனுவேலுக்குக் கண் கலங்கியது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கிருபாநிதி, கூடப் படிக்கிறவன், அவர் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"உமக்கும் கோயில் சுவருதானா அண்ணாச்சி? நாங்க பதினோரு பேரும் அங்கன காத்துப் போயித்தான் இங்க வந்து சேந்தோம். மாஸ்டரு தங்கமான மனுசன், எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு குடுத்தாரு."