இரண்டு அத்தைகளைப் பிரித்த விவரம்

பெருமதிப்பிற்குரிய லூசில் அத்தைக்கு,

வென்டல் பணிவுடன் எழுதுவது. நான், தங்கள் மருமகள் டாரா, நாய் மூவரும் சௌக்கியம். நாளை முட்டி அறுவை சிகிச்சை முடிந்து தாங்களும் சௌக்கியமாக வீடு திரும்ப வேண்டும். வார்டில் போனை அணைத்து வைத்திருக்கிறீர்கள், அதனால் டாராவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் நாஷ்வில் மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளையெல்லாம் கிளவுடுக்கு மாற்றும் பெரிய கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்ட் "என் தம்பி மகன்தான்" என்று சர்ச் முழுக்கப் பெருமையடித்தீர்களே, அந்தப் பெரியவன் கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதினேன், குடும்பப் பெயர், பிறந்த தேதி, வீடு, போன் நம்பர் நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள், பதிவுகளைச் சேர்த்துவிடு என்று. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் இருக்கும் இரட்டையர் எனக்கே அத்தைகள் என்பது ஞாபகம் வரவில்லை. நேற்று உங்களையும் லொரீனா அத்தையையும் அது ஒருவராக்கிவிட்டது. இன்று நர்ஸ் போன் பண்ணி, "இவங்களுக்கு இந்த முட்டிய ஏற்கெனவே மாத்தியாச்சே சார், மறுபடி எதுக்கு?" என்கிறார். அது லொரீனா அத்தை முட்டி! அவங்க பென்சிலின் அலர்ஜியும் உங்க தலையில. எங்க மேலதிகாரி டெனீஸ் எல்லார் முன்னாலயும், "ஏம்ப்பா, சொந்த அத்தைங்களையே எண்ணத் தெரியல, ஊர் நோயாளிங்களை எங்க எண்ணப்போற?"ன்னு கேட்டுட்டாங்க.

சாண்ட்விச்சைக்கூடப் பிரிக்காமல் உங்கள் இருவரையும் வரிவரியாகப் பிரித்தேன். பழைய முட்டி அவங்களுக்கு, பென்சிலின் அவங்களுக்கு, சர்க்கரை உங்களுக்கு. இப்போது உங்கள் பதிவில் அலர்ஜி ஒன்றும் இல்லை, படு சுத்தம். நாளை யார் என்ன கேட்டாலும் தாங்கள் வாய் திறக்க வேண்டாம். போன தடவை மாதிரி டாக்டருக்கே வைத்தியம் சொல்லிக்கொடுக்காதீங்க. எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லும்.

தங்கள் முட்டி நெடுங்காலம் மடங்கி நிமிரப் பிரார்த்திக்கும்,
வென்டல் ப்ரூயிட்

பி.கு.: பெருமையாகச் சொல்லலாமென்று லொரீனா அத்தைக்குப் போன் போட்டேன். "அடப்பாவி! பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டுனது லூசிலுக்குடா! அப்ப அவளுக்கு இன்சூரன்ஸ் இல்ல, என் கார்டை வாங்கிட்டு என் பேர்லதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. மாட்டிக்குவோம்னு இன்னி வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடல" என்கிறார். அத்தை, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். நான் பதிவைத் திருத்தி வார்டுக்கும் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஆனால் என்னை நம்பாதீர்கள். தரை துடைக்கிறவர் முதல் மயக்க மருந்து கொடுக்கிறவர் வரை எல்லோரிடமும் பென்சிலின் ஆகாதென்று கத்திச் சொல்லுங்கள். கார்டு விஷயத்துக்கு யார் வந்தாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். டாரா காரைக் கிளப்பிவிட்டாள். வாயைத் திறங்கள், அத்தை.