அட்டவணை அக்காவும் அறுபது சாப்பாடும்

ஒருவருக்கு எப்போது பசிக்கும் என்பதை அவருடைய வயிற்றுக்கு முன்னாலேயே தெரிந்துகொள்கிற ஆள் இந்தியாவிலேயே ஒருத்திதான். அவள் பரமத்தி வேலூர்க்காரி. திருச்செங்கோட்டுப் பக்கம் நான் படித்த இன்ஜினியரிங் காலேஜின் லேடீஸ் ஹாஸ்டலில், எனக்கு இரண்டு வருஷம் சீனியர். அப்பா அம்மா வைத்த பெயர் ஹால் டிக்கெட்டில் மட்டும் வரும். மற்ற இடங்களிலெல்லாம் அவள் அட்டவணை அக்கா.

அதற்குக் காரணம் எங்கள் மெஸ். நான் சேர்ந்த வருஷம் அங்கே ‘அறுபது சாப்பாட்டுத் திட்டம்’ வந்தது. மாசம் பிறந்தால் கார்டில் அறுபது சாப்பாடு ஏறும். மெஸ் வாசலில் இருக்கும் மெஷினில் கார்டை வைத்தால் ஒன்று குறையும், திரையில் நம் போட்டோ வரும், தட்டு கிடைக்கும். இட்லியோ பிரியாணியோ, எதற்கும் ஒன்றுதான். மாசத்துக்குத் தொண்ணூறு வேளை. கையில் இருப்பது அறுபது. பிள்ளைகள் சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடுவார்கள், காலையில் தூங்கிவிடுவார்கள், அறுபது தாராளம் என்று யாரோ ஏசி ரூமில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். மிச்சமானதெல்லாம் மாசக் கடைசியோடு காலாவதி.

இதை நாலு பக்க இங்கிலீஷ் நோட்டீஸாக அச்சடித்துக் கொடுத்தார்கள். ஹாஸ்டலில் அதை முழுசாகப் படித்தது அக்கா மட்டும்தான். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

நான் சேர்ந்த மறுநாள் நீள நோட்டு ஒன்றோடு எங்கள் ரூமுக்கு வந்தாள்.

“எந்த ஊரு கண்ணு?”

“ஆட்டையாம்பட்டிங்கக்கா.”

“பக்கந்தான? வாராவாரம் ஊட்டுக்குப் போயிருவியா?”

“மாசத்துக்கு ஒருக்காதான் வரணும்னு அப்பா சொல்லிட்டாருங்க. படிப்பு கெட்டுப் போயிருமாம்.”

“செரி. காத்தால பல்லு வெளக்கறதுக்கு முந்தி பசிக்குமா, வெளக்குன பொறகா?”

“பொறகுங்க.”

“அழுதா பசிக்குமா, பசிக்காதா?”

என் ரூம்மேட் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. “சிரிக்காத சாமி, அடுத்து உனக்கும் அதே கேள்விதான்” என்றாள்.

இரண்டு நாளில் எங்கள் கதவில் அட்டவணை ஒட்டப்பட்டது. பச்சைக் கட்டம் சாப்பாடு, சிவப்புக் கட்டம் கட். புதன்கிழமை காலை எல்லாருக்கும் சிவப்பு, ஏனென்றால் அன்றைக்கு உப்புமா. “உப்புமாவுக்குக் கார்டை வெச்சீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன்” என்பாள். மூன்று புதன்கிழமை மெஸ்ஸில் ஈ ஆடியது. சூப்பர்வைசர் யாருக்கும் சொல்லாமல் உப்புமாவைச் செவ்வாய்க்கு மாற்றிப் பார்த்தார். ரவை வறுபடும் வாசனை மாடிக்கு வந்ததும் அக்கா பிரஷ்ஷும் வாயுமாக வராந்தாவில் ஓடினாள். “எந்திரிக்காதீங்க! யாரும் எந்திரிக்காதீங்க!” தூங்குகிறவர்களை எழுப்பி, எழுந்திருக்க வேண்டாம் என்று சொன்ன ஒரே மனுஷி அவள்தான்.

என் ரூம்மேட்டுக்கு மெக்கானிக்கல் பையன் ஒருவனோடு இருந்த சங்கதி திடீரென்று முறிந்தது. அழுதுகொண்டு படுத்திருந்தவளிடம் அக்கா வந்தாள். ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், நோட்டைத் திறந்தாள்.

“மூணு நாளைக்கு உனக்குக் கட். நாலாம் நாள் ராத்திரி முட்டைக் கொழம்பு. அன்னைக்கு வந்துருவ.”

“இனிமே நான் சாப்பிடவே மாட்டேன்க்கா!”

“செரி செரி. நாலாம் நாள் ராத்திரி.”

நாலாம் நாள் ராத்திரி ரூம்மேட் முட்டைக் குழம்பு சாப்பிட்டாள். இரண்டு முட்டை.

என் விஷயத்தில்தான் அட்டவணை தோற்றது. எங்கள் வீட்டில் நாலு தறி. தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் எழுந்து, அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்தவள் நான். ஹாஸ்டலின் அமைதியில் சோறு தொண்டையில் இறங்கவில்லை. யாரிடமும் பேச்சு வரவில்லை. போனில் அம்மா கேட்டால், “சாப்ட்டேம்மா” என்பேன். பச்சைக் கட்டத்தையெல்லாம் டிக் அடித்துவிட்டு பிஸ்கட் தின்றேன்.

மாசக் கடைசி நாள் காலையில் மீதி பார்க்க அக்கா என் கார்டைக் கேட்டாள். முப்பத்து மூன்று. பச்சை டிக்குகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“ஏஞ்சாமி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?” என்றாள். அப்புறம் நோட்டை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

எங்கள் ப்ளாக்கிலேயே பெரிய சொத்து என்னுடையதுதான். அதே சமயம், அட்டவணையை மதிக்காமல் இருபத்தைந்தாம் தேதிக்குள்ளேயே கார்டைக் காலி செய்துவிட்டு, கேன்டீன் பன்னில் உயிர் வாழ்ந்த கூட்டமும் அங்கே இருந்தது. மதியம் என்னை மெஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போய் மெஷின் பக்கத்தில் நிறுத்தினாள். பின்னால் திரும்பிப் பார்த்தால் வரிசை மாடிப்படி வரை நின்றது.

“கார்டை வை கண்ணு.”

வைத்தேன். திரையில் என் போட்டோ. தட்டை வாங்கி முதலில் நின்ற சீனியரிடம் கொடுத்தாள். “மறுக்கா வை.”

எட்டாவது தட்டில் சூப்பர்வைசர் ஓடி வந்தார். “ஏம்மா, இதென்ன அக்கிரமம்?”

அக்கா நோட்டீஸை எடுத்து நீட்டினாள். “ஒரு வேளைக்கு ஒரு தட்டுதான்னு எங்கீங்க போட்டிருக்குது? வாங்கறவங்கதான் திங்கோணும்னு எங்கீங்க போட்டிருக்குது? காமிங்க, நிறுத்திக்கறோம்.”

அவர் நாலு பக்கத்தையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தார். படித்து முடிப்பதற்குள் இருபது தட்டு போய்விட்டது. ஒவ்வொருத்தியும் தட்டை வாங்கும்போது, “தேங்க்ஸ், உம்பேரென்ன?” என்று கேட்டாள். ஒரு மாசமாக யாரிடமும் சொல்லாத என் பெயரை முப்பத்திரண்டு தடவை சொன்னேன். பத்தாவது தடவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். கடைசித் தட்டை அக்கா என் கையில் வைத்தாள். சாம்பார், பீட்ரூட் பொரியல், அப்பளம். வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசத்துக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டேன்.

மறுநாள் வார்டன் ரூமில் விசாரணை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவை ஹாஸ்டலைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. பரமத்தி வேலூரிலிருந்து அவளுடைய அப்பா வந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். தோட்டத்து வெற்றிலையைக் கட்டாகக் கொண்டுவந்து வார்டன் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

“உங்க பொண்ணு ஒரே கார்டுல முப்பத்து மூணு சாப்பாடு வாங்கியிருக்கா” என்றார் வார்டன்.

அப்பா மகளை மேலும் கீழும் பார்த்தார். “அத்தனையும் இதுவேங்களா தின்னுச்சு?”

“இல்லைங்க. மத்தவங்களுக்குக் குடுத்துட்டா.”

“பசிச்சவங்களுக்குத்தானுங்களே?”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “கார்டு என்னுதுங்க மேடம். அனுப்பறதா இருந்தா என்னையும் அனுப்புங்க” என்று தறிக்கு மேலே கத்துகிற குரலில் சொல்லிவிட்டேன். ஜன்னல் புறா பறந்து போனது. வார்டனே நாற்காலியில் ஒரு முறை அசைந்து உட்கார்ந்தார்.

யாரையும் அனுப்பவில்லை. அடுத்த மாசத்திலிருந்து மிச்சத்தில் பத்து சாப்பாடு மறுமாசத்துக்குப் போகும் என்று திட்டத்தை மாற்றினார்கள். புது நோட்டீஸைத் தமிழில் எழுதும் வேலையைச் சூப்பர்வைசர் அக்காவிடமே கொடுத்தார். அரைப் பக்கத்தில் முடித்தாள். எல்லாருக்கும் புரிந்தது. வார்டன் வெற்றிலையை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

போன தை மாசம் அக்காவுக்கு வேலூரில் கல்யாணம். மாப்பிள்ளை திருச்செங்கோடு, போர்வெல் லாரி வைத்திருக்கும் குடும்பம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேராக மேடைக்குப் போனேன். மாலையும் கழுத்துமாக நின்றவள் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்:

“இப்பப் பந்திக்குப் போயிராத. பருப்பு அடி புடிச்சுருச்சாம். புதுசா வெக்கறாங்க. அடுத்த பந்தியில உக்காரு.”

“அக்கா, இன்னைக்கு உங்களுக்குக் கல்யாணம்” என்றேன்.

“அது அதும்பாட்டுக்கு நடக்குது. நீ பஸ்ஸுல வந்தவ, காத்தால ஒண்ணும் தின்னிருக்க மாட்ட. அடுத்த பந்தி, மறந்துராத.”

காலையில் நான் நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த பந்தி வரை, நல்ல பசியோடு, காத்திருந்தேன்.