தம்பி செத்தது செத்ததுதான்

ரெஜினால்டுக்கு மட்டும் தே தாரிக் வரவில்லை.

இரண்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள். பெம்பானில் சாலையோர ஒட்டுக்கடை நடத்தும் வாணி ஒரே ஒரு டீ கிளாஸைக் கொண்டுவந்து புவனேஸ்வரன் முன்னால் வைத்துவிட்டு மேசையைத் துடைத்தார். துணி ரெஜினால்டின் முழங்கைவரை வந்தது, முழங்கையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

"அக்கா, எனக்கு?"

வாணி புவனேஸ்வரனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "தனியா வந்திருக்கீங்களே தம்பி. எப்பவும் ரெண்டு பேராத்தான வருவீங்க? பார்க்கவே மனசு கேக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அவங்களுக்குக் கண்ணு மங்கிருச்சு போல," என்றான் ரெஜினால்ட்.

"இருக்கும் லா. நீ என்னுதைக் குடி," என்று கிளாஸை நகர்த்தினார் புவனேஸ்வரன்.

ஆறு வருடமாக இரண்டு பேரும் 'பெம்பான் பிரதர்ஸ்' தொலைக்காட்சி நாடகத்தில் அண்ணன் தம்பி. போன மாதம்தான் கதையில் தம்பியைச் செம்பனைக் குலை லோரி ஏற்றிக் கொன்றிருந்தார்கள். மறுநாளே ஃபேஸ்புக்கில் பேச்சு கிளம்பிவிட்டது. வெளியே இரண்டு பேருக்கும் ஆகவில்லையாம், அண்ணன் சொல்லித்தான் தம்பியைத் தீர்த்துக்கட்டினார்களாம். ரெஜினால்டுக்கு அதைப் படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. தெங்கேராவில் அவனுக்கும் பமேலாவுக்கும் கல்யாணம் நடந்தபோது பந்தலில் நின்று பரிமாறியவர் புவனேஸ்வரன். அவரைப் போய் இப்படிச் சொல்கிறார்களே!

அதிலும் இப்போது நல்ல காலம் வேறு பிறந்திருந்தது. நேயர்கள் அழுத அழுகையில் தயாரிப்பாளர் கோகுலராஜ் மனம் மாறிவிட்டார். லோரியில் அடிபட்டது வேறு ஆள், தம்பி உயிரோடு திரும்பி வருகிறான் என்று கதையைத் திருப்பப் போகிறாராம். ரெஜினால்ட் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ரெண்டு பேரும் ஒரு நாள் ஒண்ணா ஊர் சுத்துவோம்டா ரெஜி," என்று சொன்னவரும் புவனேஸ்வரன்தான். "நாலு பேரு பார்த்தா தன்னால வாய மூடிடுவாங்க."

அப்படித்தான் இந்தக் கடைக்கு வந்தார்கள்.

நன்றாகத் தெரியட்டும் என்று ரெஜினால்ட் வாசல் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தான். தொப்பி போட்ட ஒருவர் போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "புவனேஸ்வரன் சார், ஒரே ஒரு படம்!"

"குடுங்க அண்ணே, நான் எடுக்கிறேன்," என்று ரெஜினால்ட் கையை நீட்டினான்.

அந்த மனிதர் நீட்டிய கையைத் தாண்டி நடந்து, போனை மிளகாய்ச் சம்பால் பாட்டிலில் சாய்த்து வைத்தார். ஓடிவந்து புவனேஸ்வரன் தோளில் கை போட்டுச் சிரித்தார். ரெஜினால்டும் அவசரமாகப் போய் நடுவில் நின்றான். படம் எடுத்து முடிந்ததும் அவர் போனைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னமோ நிழல் அடிக்குது சார். இன்னொண்ணு எடுப்போம்."

ரெஜினால்ட் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இங்க வேணாம்," என்றார் புவனேஸ்வரன். "லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துல மத்தியானம் ரசிகர் கூட்டம் இருக்கு. அங்க போனா உன்னைத் தோள்ல தூக்கிடுவாங்க பாரு."

இருவரும் ஏறிய காடி செம்பனை மரங்களுக்கு நடுவே போயிற்று. வெயில் கொளுத்தியும் மரங்களுக்கு அடியில் ஒரே இருட்டு. தோட்டத்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின, புவனேஸ்வரன் பக்கம் மட்டும். ரெஜினால்ட் நடந்து போன இடத்தில் பேச்சு நின்றது. அவன் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மேடையைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவனுடைய பெரிய படம். சந்தன மாலை. முன்னால் குத்துவிளக்கு.

"நம்ம அன்புத் தம்பிக்காக ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்," என்றாள் நிகழ்ச்சி நடத்திய தாரணி. கூட்டம் எழுந்து நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் ரெஜினால்டும் தலையைக் குனிந்து நின்றான். தனக்குத்தானே மௌனம் காக்கிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது.

பாய்ந்து மேடையேறி மைக்கைப் பிடித்தான். "நான் உயிரோடத்தான் இருக்கேன்! நல்லாப் பாருங்க, நான்தான்!"

மைக்கில் சத்தம் வரவில்லை. தாரணி அவன் கையிலிருந்த மைக்கைக் காற்றிலிருந்து எடுப்பதுபோல் எடுத்து, தட்டிப் பார்த்து, "இது ஏன் தன்னால ஆடுது?" என்றாள்.

முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அவனைப் பார்த்துக் கெக்கலித்துச் சிரித்தது. தாய் வெடுக்கென்று அதன் முகத்தை மார்போடு சேர்த்து மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற நாய் அவனைப் பார்த்து நீளமாக ஊளையிட்டது. குழந்தைக்கும் நாய்க்கும் மட்டும்தான் அதெல்லாம் தெரியும் என்று பமேலா அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது.

ஓரத்தில் இருந்த நாற்காலியில் உட்காரப் போனான். முனுசாமி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த வயதான தொண்டர் ஒருவர் அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டு போனார். ரெஜினால்ட் தரையில் தொப்பென்று விழுந்தான். யாரும் திரும்பவில்லை, சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வெளியே ஓடி, ஜொகூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த பமேலாவைக் கூப்பிட்டான்.

"ஹலோ?" என்றாள்.

"பமேலா! நான்தான்!"

"ஹலோ? யாரு? ஹலோ? மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குதுக்கா, எனக்குப் பயமா இருக்கு."

போன் அடங்கியது. தோட்டத்தில் லைன் எப்போதுமே மோசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் அழுதிருக்க மாட்டான்.

காடிக்குள் புவனேஸ்வரன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியிற நீ. அழாத."

"உங்களுக்கு மட்டும்தான் அண்ணே தெரியிறேன்!"

"ரெஜி, தப்பா நெனைக்காத." அவர் குரல் தணிந்தது. "அன்னிக்கு லோரி சீன்ல நெஜமா என்ன நடந்துச்சு?"

ரெஜினால்ட் யோசித்தான். லோரி வந்தது. கால் இடறி வாய்க்காலில் விழுந்தான். எழுந்தபோது எல்லோரும் அவனைவிட்டுத் தள்ளி நின்று வேறெங்கோ பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாராவது அவனைத் தொட்டுத் தூக்கினார்களா? ஞாபகமே வரவில்லை.

"அண்ணே," என்றான் மெதுவாக.

"சேச்சே, அப்படி இருக்காது," என்றார் புவனேஸ்வரன். "ஆனா நீ செத்த வேஷத்துக்குப் படம் வெச்சு, மாலை போட்டு, வெளக்கும் ஏத்திட்டாங்க. அந்த வேஷத்துல மறுபடி எந்திரிச்சு வர்றது சரியில்லைன்னு ஒரு பூசாரி சொன்னாரு. கணக்கு கொழம்பிருமாம். செத்தது வேஷமா, நீயான்னு மேல இருக்கறவங்களுக்கே தெரியாதாம்."

ரெஜினால்ட் சட்டைக்குள் இருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டான். பூசாரி சொன்னதைப் பாதிரியாரிடம் கேட்டுச் சரிபார்க்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. பாதிரியாரும் தன்னைப் பார்க்காமல் நடந்துபோனால்? அந்த யோசனையை விட்டான்.

பெரிய சாலைக்கு வந்ததும் கோகுலராஜைக் கூப்பிட்டான்.

"சார், நான் திரும்பி வரல. தம்பி செத்தது செத்ததாவே இருக்கட்டும்."

"என்னய்யா ரெஜினால்ட், பைத்தியமா உனக்கு? எல்லாம் எழுதி ரெடியா இருக்கு!"

"சார்! என் குரல் கேக்குதா?"

"காது கிழியுது! சரி, உன் இஷ்டம். நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

ரெஜினால்ட் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அவருக்குக் கேக்குது அண்ணே!"

"பார்த்தியா? வேணாம்னு சொன்ன வாய் மூடல, அதுக்குள்ள சரியாயிருச்சு," என்றார் புவனேஸ்வரன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. வழியில் நிறுத்தி அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். இளநீர்க்காரன் மிச்சக் காசை ரெஜினால்ட் கையிலேயே கொடுத்தான். ஆறு வருடப் பழக்கத்தில் அவரை இத்தனை இறுக்கமாக அவன் கட்டிப்பிடித்ததே இல்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஃபேஸ்புக்கில், 'எங்களுக்குள் சண்டை என்று சொல்பவர்கள் நாக்கு அழுகிப் போகும்' என்று எழுதினான்.

மறுநாள் காலை தெங்கேராவில் தயங்கித் தயங்கித் தெருவில் இறங்கினான். பக்கத்து வீட்டு அகதா ஆண்ட்டி, "என்ன தம்பி, மொகம் செத்துக் கெடக்கு?" என்றார். அதைக் கேட்கவே அவ்வளவு ஆனந்தமாக இருந்தது.

ஒரு மோட்டார் சைக்கிள் அவன் பக்கத்தில் கிறீச்சென்று நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றினார் தோட்டத்து முனுசாமி.

"மன்னிச்சிருங்க சார், நேத்து நாற்காலிய இழுத்துட்டேன். இடுப்புல அடி பட்டுச்சா?"

ரெஜினால்ட் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "நேத்து... உங்களுக்கு நான் தெரிஞ்சேனா?"

"தெரியாம என்ன சார்?" முனுசாமி பல்லில்லாத வாயால் சிரித்தார். "புவனேஸ்வரன் சார் முந்தாநாளே ஒட்டுக்கடைக்கும் எங்க தோட்டத்துக்கும் வந்து, இது ஒளிச்சு வெச்ச கேமரா நிகழ்ச்சி, ரெஜினால்டைக் கடைசிவரைக்கும் யாரு கண்டுக்காம இருக்காங்களோ அவங்களுக்குத்தான் நாடகத்துல புதுத் தம்பி வேஷம்னு சொல்லிட்டுப் போனாரே, நான் ஜெயிச்சிட்டேன்தானே?"