மஞ்சள் தொண்டைச் சின்னானை நான் விரட்டிய கதை

கூச்சமுள்ளவன் மெதுவாகத்தான் பேசுவான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் கூச்சமுள்ளவன்தான். ஆனால் பத்தாவது முடித்ததிலிருந்து ஓசூர் கம்பெனி ஒன்றின் பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு அடிக்கும் மிஷின்களுக்கு நடுவே, டீ குடித்தாயா என்று கேட்பதற்குக்கூட அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். நாளடைவில் என் தொண்டையிலிருந்த சின்னக் குரல் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. (அது எனக்கே தெரியாது. நான்தான் அதிகம் பேசுவதில்லையே!)

பட்டன் செல்போன் வந்த புதிதில் எனக்குப் பெண் பார்த்தார்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும்தான். முடிவு மட்டும் அவள் அப்பா கையில். அரசு அலுவலக கிளார்க். ஞாயிறானால் பைனாகுலரோடு மலையேறிப் பறவை பார்ப்பவர்.

"இந்த ஞாயித்துக்கெழம எங்கூட அஞ்செட்டிப் பக்கம் வாங்க தம்பி. ஒரு காலைப்பொழுது வாய மூடிக்கினு ஒக்காந்தா, ஆளு எப்படின்னு தெரிஞ்சிடும்" என்றார்.

எனக்கு அப்போதே மேளச் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

சித்திரை வெயிலில் விடிந்த கொஞ்ச நேரத்திலேயே பாறை சுட்டது. சுற்றிலும் காய்ந்த முள்மரங்கள். அவர் தேடியது மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை. பல வருடமாகக் கண்ணில் படவில்லையாம்.

"அத மட்டும் பாத்துட்டா போதும் தம்பி" என்று காதருகே முணுமுணுத்தார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முகத்தில் திருப்தி. பாதிக் கல்யாணம் முடிந்தது.

அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடப்பக்கம் பாறை இடுக்கில் முளைத்த அத்தியில் அது வந்து உட்கார்ந்தது. மஞ்சள் தலை, மஞ்சள் தொண்டை. அவரைத் தொட்டுக் கூப்பிடக் கூச்சம். (மாமனாராகப் போகிறவரைத் தொடலாமா?) அதனால் மிக ரகசியமாகச் சொன்னேன்.

"சார்! லெஃப்ட்ல!"

எதிர்மலையும் "லெஃப்ட்ல" என்றது. சின்னான் பறந்தது. பைனாகுலர் உருண்டது. கீழே மாந்தோப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யார்ரா அங்க கத்துறது? ஆனை வந்துருச்சா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாய்ந்து வந்து பொத்தினார்.

"பேச்சக் காணமே! மிதிச்சிருச்சு போல டோய்!"

அவ்வளவுதான். ஆனையை விரட்டத் தகர டின்கள் முழங்கின, பட்டாசு வெடித்தது. தடிகளோடு ஓடிவந்த கூட்டம் கண்டது, மல்லாந்து கிடக்கும் என்னையும், என் மேல் உட்கார்ந்து வாயை அமுக்கும் கிளார்க்கையும்.

"யோவ், அந்தாள என்னாய்யா பண்ற?"

"பறவ பாக்க வந்தோம்ங்க" என்றார் அவர், எழுந்தபடி.

"பறவையா? அதெல்லாம் இந்நேரம் கர்நாடகா பார்டர் தாண்டியிருக்கும்!"

மலையிறங்கியதும் அவர் என்னை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டு வாசலிலேயே மனைவியிடம், "இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார். அந்த அம்மாவுக்குக் காது மந்தம். "என்ன சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார்.

"நான் வேணாமாம்மா!"

அம்மா முகம் மலர்ந்தது. "பளிச்சுனு கேக்குது!" என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க கல்யாணமான நாள்லேந்து முணுமுணுக்கறீங்க, ஒண்ணும் புரியல. இந்தத் தம்பிதான் எனக்கு மாப்ள."

இன்றும் மாமனார் மலைக்குக் கிளம்புமுன் என் மனைவிக்குப் போன் செய்வார்.

"மாப்ளைக்கு ஞாயித்துக்கெழம டூட்டி இருக்குதாம்மா?"

"இருங்கப்பா, அவரையே சொல்லச் சொல்றேன். போன வெச்சுடுங்க, கேக்கும்" என்பாள் அவள்.